நெல் லாரி ஓட்டுநர் ஒருவரின் மருத்துவத் தகுதிச் சான்று: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஓட்டுநருக்கு மருத்துவத் தகுதிச் சான்று வழங்கியவன் நான்தான். அந்தச் சான்றில் பொய்யான வரி ஒன்றும் இல்லை. படிவம் கேட்ட ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தே விடை எழுதினேன். ஆயினும் இரண்டு ஆண்டுகள் கழித்து, 250 மூட்டை நெல்லுடன் அவர் ஓட்டி வந்த லாரி, ஆற்றங்கரைச் சாலையிலிருந்து விலகி வயல் வாய்க்காலில் இறங்கியபோது, அதற்கான காரணம் நான் சான்றளித்த நாளிலேயே அவர் சட்டைப் பையில் இருந்தது. அது எப்படி என் கண்ணுக்குத் தப்பியது என்பதை, என்னைப் போல் சிற்றூர்களில் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களும், அந்தச் சான்றுக்காக வரும் ஓட்டுநர்களும் அறிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். ஓட்டுநரின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன.

நடந்தது

ஓட்டுநருக்கு வயது 49. நீடாமங்கலம் வட்டாரத்துக்காரர். 22 ஆண்டுகளாகக் கனரக வாகனம் ஓட்டுகிறார். இரண்டு லாரிகள் வைத்திருக்கும் உரிமையாளர் ஒருவரிடம் வேலை. அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து சேமிப்புக் கிடங்குகளுக்கும், ரயிலடி சரக்கு நிலையங்களுக்கும் நெல் ஏற்றிச் செல்வது அவருடைய முக்கியமான பணி. மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று கூலியும் அதற்கு மேல் பேட்டாவும்தான்.

தை மாதத்தின் கடைசி வாரம் அது. சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்ததால் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்தது. முதல் நாள் இரவே லாரியை வரிசையில் விட்டுவிட்டு, கேபினிலேயே படுத்திருக்கிறார். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, பக்கத்து டீக்கடையில் சர்க்கரை போடாத டீ ஒன்று வாங்கி, அதோடு நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். ஏழு மணிக்கு லோடு ஏற்றத் தொடங்கிவிடுவார்கள், எட்டரைக்குள் முடிந்துவிடும், போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சுமை தூக்குவோர் வரத் தாமதமானது. அவருக்கு முன்னால் நின்ற லாரிக்குப் போட வேண்டிய சீட்டில் ஏதோ குழப்பம். நடுவில் கடைத்தெருவுக்குப் போனால் வரிசையில் இடம் போய்விடும். கடைசி மூட்டை ஏறி, தார்ப்பாய் கட்டி முடித்தபோது மணி 11-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை போட்டு ஆறு மணி நேரம். முந்தைய இரவு சாப்பிட்டுப் பதினான்கு மணி நேரம்.

அதற்குப் பின் நடந்ததை லாரியில் உடன் இருந்த கிளீனர் சொல்லித்தான் அறிந்தோம். ஓட்டுநருக்கு அந்த அரைமணி நேரம் நினைவில் இல்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாரி நின்றது. கேட் திறந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள். “அண்ணே, கேட்டு தெறந்தாச்சு” என்று கிளீனர் தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தாராம், பதில் பேசவில்லையாம். முகமெல்லாம் வியர்த்திருந்ததாம். பிறகு வண்டியை எடுத்தார். இரண்டாவது கியரிலேயே நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போனார். கிளீனர் 19 வயதுப் பையன். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலுமாக ஓடும் அந்தக் குறுகிய சாலையில், வளைவு ஒன்றில் லாரி வளையாமல் நேரே போய், இடப்பக்கச் சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கி, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. கிளீனருக்கு முன்கையில் கிழிசல் காயம். வேறு யாருக்கும் எதுவும் நேரவில்லை. வலப்பக்கம் போயிருந்தால் ஆறு.

ஓடி வந்தவர்கள் முதலில் சொன்னது, “குடிச்சிருக்கான்” என்பதுதான். நாக்குக் குழறியது, நிற்க முடியவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் நம் ஊரில் வேறு எதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை. அடிக்கவும் சிலர் கை ஓங்கியிருக்கிறார்கள். காவல்துறையினர் ஊதச் சொன்ன கருவியில் மது எதுவும் காட்டவில்லை. 108 ஆம்புலன்ஸில் வந்த மருத்துவப் பணியாளர் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 41 மில்லிகிராம் இருந்தது. 70-க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே மூளையின் செயல்பாடு தெளிவாகவே குலையும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசலை இரத்தக்குழாய் வழியாக ஏற்றிய பத்து நிமிடத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, “வண்டி எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அரசு மருத்துவமனையில் அவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அது சரியான முடிவு. அன்று மாலையே சர்க்கரை மீண்டும் 58-க்கு இறங்கியது. அவர் உட்கொண்ட மாத்திரையின் இயல்பே அது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அறையில்

உரிமம் புதுப்பிப்பதற்காக அவர் வந்த நாள் எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது. மாலை நேரம், வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் ஒருவர் நான்கைந்து பேரைச் சேர்த்து அழைத்து வந்திருந்தார். விண்ணப்பதாரரே தம் உடல்நிலையைப் பற்றி உறுதிமொழி தரவேண்டிய படிவம் 1, ஏற்கனவே நிரப்பப்பட்டிருந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் விடைகள். அது ஓட்டுநரின் கையெழுத்து இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவம் 1ஏ-வை எடுத்துக்கொண்டேன். பார்வைப் பலகையை வைத்துச் சோதித்தேன். இரண்டு கண்ணிலும் 6/9, அதாவது இயல்பான கண் ஒன்பது மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில் படிக்கும் பார்வை. சிவப்பு, பச்சை நிறங்களைச் சரியாகச் சொன்னார். முதுகுப்புறம் நின்று முணுமுணுத்த சொற்களைத் திருப்பிச் சொன்னார். கை, கால், மூட்டுகள் நன்றாக இருந்தன. மாலைக்கண் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்காது. அவருடைய சட்டைப் பையில் மாத்திரை அட்டையின் முனை தெரிந்தது. தலைவலி மாத்திரையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

விபத்து நடந்த நான்காவது நாள், மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டோடு அவரும் அவர் மனைவியும் என்னிடம் வந்தார்கள். ‘வண்டி ஓட்டத் தகுதியானவர்’ என்று எழுதி வாங்கி வரும்படி உரிமையாளர் சொல்லியிருந்தார். இம்முறை பையிலிருந்த அட்டைகளை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை, எட்டு ஆண்டுகளாக. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், ஐந்து ஆண்டுகளாக. முதலில் எழுதித் தந்த மருத்துவரிடம் அவர் திரும்பப் போனதே இல்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வந்திருக்கிறார்.

“அவரு நல்லாத்தான் இருந்தாரு டாக்டர். போன மாசம் முகாம்ல பாத்தப்ப கூட மூணு மாசச் சர்க்கரை ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க” என்றார் மனைவி. அந்த அறிக்கையும் அவரிடம் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.4. இந்த எண்ணைப் பார்த்தால் பெரும்பாலான மருத்துவர்கள் நோயாளியைப் பாராட்டி அனுப்புவார்கள். சராசரி இவ்வளவு குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம், அடிக்கடி சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்ததுதான் என்பதை அந்த எண் சொல்லாது.

மூன்று காரணங்கள் ஒன்று சேர்ந்த விதம்

கிளிபென்கிளமைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில மருந்துகளைவிட அதன் விளைவு நீண்ட நேரம் நிற்பது. உடலில் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உள்ளவை. அவற்றில் ஏறத்தாழப் பாதி சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். இவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) 1.7. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 50-க்குச் சற்றுக் கீழே. ஆக, எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் உடம்புக்குப் பொருந்திய அதே மாத்திரை, சிறுநீரகம் மெல்லத் தளரத் தளர, அளவு கூடாமலே வலுக்கூடிக்கொண்டு வந்திருக்கிறது.

அட்டெனோலாலுக்கும் இதில் பங்குண்டு. சர்க்கரை இறங்கும்போது உடல் கொடுக்கும் முதல் எச்சரிக்கைகள் படபடப்பும் கை நடுக்கமும். இந்த வகை மருந்துகள் அவ்விரண்டையும் மழுங்கடிக்கும். இதுவும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதுதான். வியர்வையை மட்டும் அது மறைப்பதில்லை. ஆனால் எஞ்சின் சூட்டில் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு, தார்ப்பாய் கட்டிவிட்டு அப்போதுதான் இறங்கி வந்தவருக்கு, வியர்ப்பது எதன் எச்சரிக்கையாகத் தோன்றும்?

மூன்றாவது காரணம் எந்த மருத்துவப் பாடநூலிலும் இராது. அது கொள்முதல் நிலைய வரிசை. மாத்திரைக்கும் சோற்றுக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. குறுவை அறுப்பிலும் சம்பா, தாளடி அறுப்பிலும் இவருடைய நாள் ஒருபோதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அறுப்பு இல்லாத மாதங்களில் வீட்டிலிருந்து எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்புகிறவர், அறுப்புக் காலத்தில் வரிசையோடு வாழ்கிறார். மாத்திரை இரண்டு காலத்துக்கும் ஒன்றுதான்.

முன்பு இப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டபோது இல்லை என்றார். மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வியை மாற்றிக் கேட்டேன். வண்டி ஓட்டும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததுண்டா, எந்த இடத்தைக் கடந்தோம் என்று தெரியாமல் போனதுண்டா என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“நாலு தடவ இருக்கும் சார், இந்த ஒரு வருசத்துல. ஓரமா நிப்பாட்டி ஒரு கடலை மிட்டாயத் தின்னுட்டு எடுத்துடுவேன். வெளிய சொன்னா வண்டியக் குடுப்பாங்களா சார்?”

படிவம் 1-இன் முதல் கேள்வியே இதுதான்: வலிப்போ, எக்காரணத்தாலும் ஏற்படும் திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ உண்டா? நான் முன்னர் பார்த்த படிவத்தில் அதற்கு ‘இல்லை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சான்றுக்கு வந்த நாளில் ஒருவேளை அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை அவர் காதில் விழும்படி அவர் மொழியில் யாரும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

படிவம் எதைப் பார்க்கிறது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள படிவம் 1ஏ, மருத்துவரிடம் கேட்பவை குறைவு. பார்வைக் குறை, அது கண்ணாடியால் சரிசெய்யப்பட்டதா, நிறம், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து மோட்டார் வாகனத்தின் எண்பலகையைப் படிக்க முடிகிறதா, செவித்திறன், மாலைக்கண், உறுப்புக் குறை. நிறம் பற்றிய நிபந்தனை 2020-இல் தளர்த்தப்பட்டு, லேசான, நடுத்தர அளவிலான நிறக்குருடு உள்ளவர்களும் உரிமம் பெற வழி செய்யப்பட்டது. அது வரவேற்க வேண்டிய மாற்றம்.

எண்பலகைச் சோதனையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கார், லாரிகளின் எண்பலகை எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம். அதை 25 மீட்டரில் படிப்பது, கணக்குப் போட்டுப் பார்த்தால், பார்வைப் பலகையில் 6/9-க்கும் 6/12-க்கும் இடைப்பட்ட வரியைப் படிப்பதற்குச் சமம். லாரி ஓட்டுவோருக்கு ஏறத்தாழ 6/12 பார்வையாவது வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கும் அளவோடு இது ஒத்துப்போகிறது. குறை என்னவென்றால், இது பகல் வெளிச்சத்தின் சோதனை. எதிர்வரும் விளக்கொளியில் கூசிய கண் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, பக்கப்பார்வை எவ்வளவு, எதிர்வினை நேரம் எவ்வளவு என்பவற்றையும் சோதித்ததாக மருத்துவர் உறுதியளிக்கும் வாக்கியம் அதே படிவத்தில் இருக்கிறது. ஆனால் அது அபாயகரமான சரக்கு ஏற்றும் வாகனங்களின் ஓட்டுநர்களுக்கு மட்டும். நரிமணம் பக்கம் எண்ணெய் டேங்கர் ஓட்டுபவருக்கு அந்தச் சோதனை உண்டு. அதே சாலையில் அவருக்கு எதிரே நள்ளிரவில் பத்து டன் நெல்லோடு வருபவருக்கு இல்லை. இந்த வேறுபாட்டின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், தூக்கத்தில் மூச்சடைப்பு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய எதற்கும் படிவத்தில் தனிக் கேள்வி இல்லை. விண்ணப்பதாரரின் உறுதிமொழியில், ஓட்டுவதால் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய் உண்டா என்ற பொதுக்கேள்வி ஒன்றுதான் இவை அனைத்தையும் தாங்கி நிற்கிறது.

அத்துடன் கால அளவும் நீண்டிருக்கிறது. போக்குவரத்து வாகன ஓட்டுநரின் உரிமம் முன்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது; 2019-இன் சட்டத் திருத்தம் அதை ஐந்து ஆண்டுகளாக்கியது. அலைச்சல் குறைந்ததை ஓட்டுநர்கள் விரும்பினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 45 வயதில் வாங்கிய சான்று 50 வரை செல்லும். நீரிழிவுள்ள ஒருவரின் சிறுநீரகமும் விழித்திரையும் மாறுவதற்கு அந்த ஐந்து ஆண்டு தாராளம். அமெரிக்காவில் இதே சான்று அதிகபட்சம் 24 மாதங்களுக்குத்தான். இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருந்தால் ஓர் ஆண்டுக்கு, 160/100-க்கு மேல் இருந்தால் மூன்று மாதங்களுக்கு, அதுவும் ஒரே ஒரு தடவை மட்டும் தருவார்கள், 180/110-ஐத் தொட்டால் அது குறையும்வரை ஓட்டக் கூடாது. எண்களைவிட இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்தது, தகுதி என்பது அங்கே ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களில் முடியாமல், ‘இவ்வளவு காலத்துக்கு உண்டு, திரும்பி வந்து காட்டு’ என்று படிப்படியாக இருப்பதுதான். நம் படிவத்தில் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்ற இரண்டே தீர்ப்புகள். தகுதியற்றவர் என்றால் காரணம் எழுத வேண்டும். எப்போது திரும்பி வரலாம் என்று எழுத வரியில்லை.

என்ன முடிவு எடுத்தோம்

அவர் கேட்ட சான்றை நான் தரவில்லை. அவருடைய உரிமம் இன்னும் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் சட்டப்படி யாரும் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. நோய் காரணமாக ஓட்டுநர் ஆபத்தானவர் என்று நம்ப நியாயமிருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எந்த நேரத்திலும் மருத்துவச் சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழியில் அவரைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அப்படிச் செய்திருந்தால், என்னிடம் நான்கு முறை மயங்கியதை அவர் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த வட்டாரத்தின் எல்லா ஓட்டுநர்களும் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

இதே நிலை அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கு நேர்ந்திருந்தால், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரைப் பதவி இறக்கவோ நீக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரிப் பார்க்கவாவது இடமுண்டு. இரண்டு லாரி உரிமையாளரிடம் நடைக் கூலிக்கு ஓட்டுபவருக்கு அப்படி எந்தக் கதவும் இல்லை. எனவே உரிமையாளரை நேரில் வரச் சொல்லிப் பேசினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். “டாக்டர், அவரு என்கிட்ட பதினோரு வருசமா இருக்காரு. வண்டியில எழுதியிருக்கிற பேரு எங்கப்பா பேரு. மறுபடி ஒண்ணு ஆச்சுன்னா நான் ஊருக்குள்ள நடக்க முடியாது” என்றார். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அதுவரை கொள்முதல் நிலையத்திலும் கிடங்கிலும் மூட்டைக் கணக்கும் சீட்டும் பார்க்கும் வேலை, கூலி பாதிக்குச் சற்று மேல் என்று பேசி முடித்தோம். ஓட்டுநரின் மனைவி அந்த மூன்று மாதமும் நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போனார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தகுதியற்றவர் என்ற சொல்லின் விலையைக் கொடுத்தவர் அவர்.

மருந்தை மாற்றினோம். கிளிபென்கிளமைடும் அட்டெனோலாலும் நிறுத்தப்பட்டன. மெட்ஃபார்மினைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, சிறுநீரகத் தளர்ச்சியிலும் அளவு மாற்றத் தேவையில்லாத லினாகிளிப்டினைச் சேர்த்தோம், அழுத்தத்துக்கு அம்லோடிபின். இந்த மருந்துகளால் தாழ்சர்க்கரை நேர்வது அரிது. ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகமும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கொடுத்து, எழுந்தவுடனும் வேலைக்குப் புறப்படுமுன்னும், வேலை நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறையும் பார்த்து எழுதச் சொன்னேன். பிரிட்டனில் இன்சுலின் போடும் லாரி ஓட்டுநர்களுக்கு இருக்கும் முறையை ஒட்டியது இது. அங்கே ஓட்டத் தொடங்குமுன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், ஓட்டும்போது இரண்டு மணிக்கொரு முறையும் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பின்பே ஓட்ட வேண்டும். தாழ்சர்க்கரை வந்துவிட்டால், அளவு சரியாகி 45 நிமிடம் கழியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. இந்த 45 நிமிடத்தைத்தான் ஓட்டுநர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கை நடுக்கம் நின்றுவிட்டாலும் மூளை முழுமையாகத் தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். கடலை மிட்டாயைத் தின்றவுடன் வண்டியை எடுத்தது இரு வகையில் தவறு. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொடியோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரோதான் அப்போது வேண்டும். கடலை மிட்டாய் அதற்குப் பின் தின்ன ஏற்றது.

மூன்று மாதம் போதுமா என்ற கேள்வி எனக்கே இருந்தது. பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்தால், பிரிட்டனில் கனரக ஓட்டுநர் 12 மாதம் ஓட்ட முடியாது. அந்த விதியின்படி இவர் அடுத்த தை வரை காத்திருந்திருக்க வேண்டும். நான் மூன்று மாதமாகக் குறைத்ததற்குக் காரணம், அவருக்கு அந்நிலையை உண்டாக்கிய மருந்தே முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது என்பது. அவர் இன்சுலினிலோ அதே வகை மாத்திரையிலோ தொடர வேண்டியிருந்தால், குடும்பத்தின் நிலை என்னவாக இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இதில் என்னோடு மாறுபடும் மருத்துவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும் என்பதையும் அறிவேன்.

சித்திரைக் கடைசியில் அவர் நோட்டுடன் வந்தார். மிகக் குறைந்த அளவு 88. எச்.பி.ஏ.1.சி. 7.2. அந்த எண்ணைப் பார்த்ததும் கணவன் மனைவி இருவர் முகமும் வாடிவிட்டன. சர்க்கரை ஏறிவிட்டதே, இனி ஓட்ட விடமாட்டார்களோ என்ற அச்சம். முன்பிருந்த 6.4 பள்ளங்களால் ஆன சராசரி, இந்த 7.2 பள்ளமில்லாத சமதரை, உங்கள் வேலைக்கு இதுதான் வேண்டும் என்று நோட்டுப் பக்கங்களைக் காட்டி விளக்கினேன். மருத்துவ முகாம்களில் எண் குறையக் குறையக் கைதட்டும் நம் வழக்கம், ஸ்டியரிங் பிடிக்கும் ஒருவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்று நானும் அழுத்தமாக உணர்ந்தேன்.

கண் மருத்துவரிடம் அனுப்பியதில் விழித்திரையில் பெரிய மாற்றம் இல்லை. வலக்கண்ணில் தொடக்க நிலைக் கண்புரை. பகலில் பார்வை 6/9-தான். எண்பலகையைத் தடையின்றிப் படிக்கிறார். ஆனால் இருட்டறையில் டார்ச் ஒளியைக் காட்டி எடுத்தபின் பலகையை மீண்டும் படிக்க, வலக்கண் இடக்கண்ணைவிட வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு வலப்பக்கமிருந்துதான் வரும். பகல் நடைக்கு மட்டும் தகுதி என்று என் தாளில் உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. அவர் இதுவரை அதை மீறவில்லை.

என் அறையில் மாறியது

மருத்துவமனைக்கு வெளியே, தெருவோரச் சுவரில் 25 மீட்டரை அளந்து கோடு போட்டிருக்கிறேன். அங்கே நிறுத்தி உண்மையான எண்பலகையைப் படிக்கச் சொல்கிறேன். படிவம் 1-இன் கேள்விகளை நானே வாய்விட்டுக் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டபின்பே என் படிவத்தை எடுக்கிறேன். சட்டைப் பையிலும் பர்ஸிலும் இருக்கும் மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைக்கச் சொல்கிறேன். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறேன். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது மாத்திரை போட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்களா என்று கேட்கிறேன். பயிற்சிப் பள்ளிக்காரரை வெளியே இருக்கச் சொல்கிறேன். ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகிறது. இதனால் என்னிடம் வருவோர் எண்ணிக்கை குறைந்தது. நான்கு நிமிடத்தில் கையொப்பம் கிடைக்கும் இடங்களுக்குச் சிலர் போகிறார்கள். ஒருவரைத் தள்ளிவைக்க நேர்ந்தால், எத்தனை வாரம் கழித்து, எந்த அறிக்கையோடு வந்தால் மறுபடி பார்ப்பேன் என்பதைத் தேதியிட்டு எழுதிக் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அந்தத் தேதி கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள்.

ஓட்டுநர் இப்போது பகல் நடை ஓட்டுகிறார். டிபன் கேரியர் லாரியிலேயே இருக்கிறது. மூட்டை ஏறும்போது கேபினில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார். அவர் மெதுவாகப் பேசினாலோ பதில் சொல்லாவிட்டாலோ சாவியைப் பிடுங்கிக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்று கிளீனருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கண்புரைச் சிகிச்சை அறுப்பு முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும் மாதத்தில் செய்வதாக ஏற்பாடு. உரிமம் புதுப்பிக்கும் காலம் வரும்போது மீண்டும் என்னிடம்தான் வருவேன் என்கிறார். அன்று படிவம் 1ஏ-வில் பார்வை, செவி, கை, கால் என்று அதே வரிகளை நிரப்புவேன். அவருடைய சிறுநீரகம், மாத்திரை, சாப்பாட்டு நேரம் ஆகியவற்றைப் பற்றி நான் அறிந்ததை எழுத அதில் இடம் இருக்காது. அதைத் தனித்தாளில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, படிவத்தோடு சேர்த்துத் தைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.